முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்?

ஜனவரி 12

சிட்டு,

நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. சமாதானம் பேசவும் எழுதவில்லை. உன் விலாசத்தை அம்மாவிடம் வாங்கினேன். அம்மா அதற்குள் என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டாள். போன் செய்திருக்கலாம். உன் போன் மணி அடித்துக்கொண்டே இருப்பதைக் காதில் வைத்துக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறு தடவை கேட்டேன், போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடிக் கடை வேலையை விடப்போகிறேன். ஆம்புலன்ஸில் சேர வேண்டும். ஆமாம், நீ பார்க்கிற அதே வேலைதான். சிரிக்காதே.

அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. சமையலறை வாசலில் அவர் விழுந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கை இரண்டும் சும்மாதான் இருந்தன. அரை மில்லிமீட்டர் பிசகாமல் பதினாறு வருஷம் லென்ஸ் வெட்டிய கைகள் அன்றைக்கு என்ன செய்தன தெரியுமா? ஆம்புலன்ஸ்காரர்கள் வரும்போது அவர் அலங்கோலமாகக் கிடக்கக் கூடாதென்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தன. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த கைகளாக இவற்றை மாற்றிவிட்டுத்தான் சாகவேண்டும் என்று இருக்கிறது.

மிக்சி வாங்குவதற்கே மூன்று கடை ஏறி இறங்கி, கடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்ளும்வரை கேள்வி கேட்டவள் நான். வேலையையா விசாரிக்காமல் விடுவேன்? பள்ளிப் படிப்பு போதுமா? பயிற்சி எத்தனை மாதம்? கண்ணாடி போட்டவர்களை எடுப்பார்களா? எவ்வளவு எடை தூக்கச் சொல்வார்கள்? ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனதும் உன்னால் சாப்பிட முடிகிறதா? இதையெல்லாம் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். பூசி மெழுகாமல் பதில் எழுது.

அக்கா


ஜனவரி 20

அக்கா, என் அக்கா,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மாடி ஏறுகிற பொறுமைகூட இல்லாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேல்வீட்டுக்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது, "யாராச்சும் தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை, யாரோ திரும்பி வந்திருக்கிறார்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நீ சமாதானத்துக்கு எழுதவில்லையே.

இந்த வேலையைப் பற்றிக் கேட்டாய். மூன்றாம் மாடியிலிருந்து நூறு கிலோ ஆளை நாற்காலியில் கட்டி இறக்குவோம். அவருடைய சம்சாரம் பின்னாலேயே வந்து, "மெதுவா, மெதுவா" என்று என் முதுகில் குத்துவாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்துத்தான் ஊரில் ஒருத்தருக்கு நெஞ்சு வலிக்கும். முட்டி போட்டுப் போட்டு என் முட்டி இரண்டும் போயே போய்விட்டன. படி ஏறும்போது வருகிற சத்தத்தை நீ கேட்டால் எண்ணெய் விடச் சொல்வாய். சாப்பிட முடிகிறதா என்று கேட்டாய். முடிகிறது அக்கா. அதை நினைத்தால்தான் எனக்கே என்மேல் பயமாக இருக்கிறது.

படிப்பு உனக்குப் போதும். கண்ணாடி ஒரு பிரச்சினையே இல்லை. பயிற்சி ஒன்பது மாதம். ஆனால் வயது வரம்பு முப்பத்தைந்து. உனக்கு முப்பத்தெட்டு முடிந்துவிட்டது. சட்டம் போட்டது நான் இல்லை.

உன் கைக்கு வேலையா இல்லை? பல் கட்டித் தருகிற லேப் இருக்கிறது. காது மெஷின் பொருத்துகிற இடம் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் கை என்று சொன்னால் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். எல்லாவற்றையும் நானே விசாரித்து எழுதுகிறேன். இதை மட்டும் விட்டுவிடு.

நீ சாப்பிடுகிறாயா? இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து இன்னமும் திரும்பி ஓடுகிறாயா?

உன் சிட்டு


பிப்ரவரி 2

சிட்டு,

நீ பொய் சொல்லுவாய் என்று தெரியும். சின்ன வயதில் என் புது ரிப்பனைத் திருடி வைத்துக்கொண்டு கடவுள்மேல் சத்தியம் செய்தவள்தானே. ஆனால் அச்சடித்த விண்ணப்பத்திலேயே இருக்கிற ஒன்றைப் பற்றிப் பொய் சொல்ல உனக்கு எவ்வளவு துணிச்சல்.

கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பயிற்சி நிலையத்துக்கு நேரிலேயே போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க், வாயில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தவர், என் வயதைக் கேட்டுவிட்டு, "நாப்பத்தஞ்சு வரைக்கும் எடுப்போம்மா, உங்களுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு, நிதானமா வாங்க" என்று சிரித்தார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவருக்கு முன்னால் நான் உனக்காக வெட்கப்பட்டேன்.

எனக்குத் தகுதி இல்லை என்று நினைத்தால் நேராகச் சொல்லியிருக்கலாம். உன் ஆள்களோடு நான் நின்றால் உனக்கு அசிங்கமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் உன்னைக் கேட்டேனே, "ஊர்ல இருக்கற உயிரையெல்லாம் காப்பாத்துவ, என் வீட்டுக்காரருக்குன்னா மட்டும் போனை எடுக்க மாட்டியா" என்று, அதற்குப் பழி தீர்க்கிறாயா? அன்றைக்கு வாயே திறக்காமல் நின்றாய். இன்றைக்காவது திற.

நானே விசாரித்துவிட்டேன், உன் தயவு வேண்டாம். எழுபது கிலோ பொம்மையை இருவராக ஸ்ட்ரெச்சரில் ஏற்றி ஒரு மாடி இறக்க வேண்டும். பாதி எடை என் பக்கம். மணல் மூட்டை ஒன்று கட்டி வைத்து, வேலைக்குப் போகுமுன் தினமும் மாடிப்படியில் தூக்கி ஏறி இறங்குகிறேன். எதிர்வீட்டு டீச்சர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிக்கொள்கிறார். அன்றைக்குக் கடைசியில் தன் போனிலிருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவர்தான். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் அவருக்குக் கொஞ்சம் பயம்.

வருகிற பதினான்காம் தேதி அங்கே ஒருநாள் அறிமுக வகுப்பு. விண்ணப்பம் போடுமுன் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பெயர் கொடுத்துவிட்டேன்.

அக்கா


பிப்ரவரி 10

அக்கா,

பொய்தான். ஒப்புக்கொள்கிறேன். உனக்குத் தகுதி இல்லை என்று நான் நினைப்பதாக மட்டும் நினைக்காதே. நான் கூட வேலை பார்க்கிற அத்தனை பேரையும்விட நீ நிதானமானவள்.

அந்த வகுப்புக்குப் போகாதே. கெஞ்சிக் கேட்கிறேன். நான் கெஞ்சி நீ பார்த்ததில்லை, இப்போது பார். ஏன் என்று கேட்காதே. இருபத்தொன்றாம் தேதி எனக்கு நாலு நாள் லீவு கிடைக்கும். நான் வந்தபிறகு அடுத்த வகுப்புக்குச் சேர்ந்தே போகலாம், உன் பக்கத்திலேயே உட்காருகிறேன். அங்கே முதல் ஒருமணி நேரம் சொல்லித்தருவதை நீ யாரோ ஒருத்தி வாயிலிருந்து, தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்கக் கூடாது. நான் சொல்ல வேண்டியது அது. பதினைந்து மாதமாகச் சொல்ல வாய் வரவில்லை.

நேற்று மூன்று தடவை உனக்கு போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. கோபமில்லை. இந்தக் கடிதம் சீக்கிரம் வந்துசேர்ந்தால் போதும்.

சிட்டு


பிப்ரவரி 17

சிட்டு,

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது உன் கடிதம் கதவுக்கு அடியில் கிடந்தது. காலையில் வந்திருக்க வேண்டியது.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் எனக்குத் தலை சுற்றுவது நிற்கும்.

பதினெட்டுப் பேர் இருந்தோம். நான்தான் மூத்தவள். சொல்லிக்கொடுக்க வந்த அம்மா பருமனானவர், கழுத்தில் விசில், கணீரென்ற குரல். வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் போர்டில் ஒரு வரி எழுதினார்: உங்கள் வீட்டில் ஒருவர் மயங்கி விழுகிறார், முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? எல்லோரையும் கை தூக்கச் சொன்னார். ஒருத்தி கணவரை என்றாள். ஒரு பையன் அண்ணனை என்றான், அண்ணனிடம் வண்டி இருக்கிறதாம். என்னைக் கேட்டார். "என் தங்கச்சியை. அவ ஆம்புலன்ஸ்லதான் வேலை பாக்கறா" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், சிட்டு. உன்மேல் அத்தனை கோபம் இருந்தும் அந்த இடத்தில் பெருமையாகத்தான் வந்தது.

அந்த அம்மா சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "எங்க வீட்டு ஆளுங்க செய்யற தப்பே இதுதாம்மா. எங்க சொந்தக்காரங்க எங்களுக்குத்தான் அடிப்பாங்க. நாங்க எவனையாவது மாடியிலேர்ந்து இறக்கிட்டிருப்போம், போன் லாக்கர்ல கிடக்கும்" என்றார். பிறகுதான் பாடம் ஆரம்பித்தது. ஆம்புலன்ஸின் பொது எண்ணுக்கு அடித்தால் எடுப்பவர் வெறுமனே விலாசம் மட்டும் கேட்பதில்லையாம். வண்டியை அனுப்பிக்கொண்டே, போனை ஸ்பீக்கரில் போடு, மண்டியிடு, நெஞ்சு நடுவில் கையை வை, நான் எண்ணுகிறேன் நீ அழுத்து என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். ஒன்றுமே தெரியாத கையைக்கூட அவர் குரல் ஓட்டும். எனக்கு இது தெரியாது. அந்த எண்ணுக்கு அடித்தால் விலாசம் எழுதிக்கொள்வார்கள் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு கோடு போட்டார். ஒவ்வொரு நிமிஷமும் யாரும் நெஞ்சை அழுத்தாமல் போனால், பிழைக்கிற வாய்ப்பு பத்தில் ஒரு பங்கு போலக் குறைந்துகொண்டே வரும் என்றார். நான் கை தூக்கி, ஒன்பது நிமிஷம் போயிருந்தால் என்று கேட்டேன். அவர் போர்டைத்தான் காட்டினார். என்னை ஏறிட்டுப் பார்த்தபிறகு அந்தக் கையைக் கீழே போட்டுவிட்டார்.

ஒன்பது நிமிஷம். உனக்கு ஆறு தடவை அடித்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசி மணிவரை விட்டேன். நடுவில் அவரை உலுக்கினேன், தண்ணீர் தெளித்தேன், மறுபடி அடித்தேன். பிறகுதான் எதிர்வீட்டுக்கு ஓடினேன். டீச்சர் கூப்பிட்டார், ஏழு நிமிஷத்தில் வண்டி வந்தது. வண்டி சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது. அது வருவதற்குத் தாமதம் செய்தது நான்.

மத்தியானம் பொம்மை நெஞ்சில் அழுத்தவிட்டார்கள். எனக்கு நன்றாக வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துச் செய்யச் சொன்னார் அந்த அம்மா. அவ்வளவு சுலபம், சிட்டு. அது அவ்வளவு சுலபமான வேலை.

உனக்குத் தெரியும். முதல் நாளே தெரிந்திருக்கிறது. வராந்தாவில் நான் வாய்க்கு வந்தபடி பேசியபோது தெரிந்துதான் நின்றிருக்கிறாய். அம்மா உன்னைத் திட்டியபோதும், சொந்தக்காரர்கள் உன்னிடம் முகம் கொடுக்காதபோதும், நீ ஊரைவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போனபோதும் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து மாதம் உன்னைச் சபித்தேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய். என்னை என்னவென்று நினைத்தாய்? உன் தியாகத்தை நான் கேட்டேனா?

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

தியாகமும் இல்லை மண்ணும் இல்லை. நீ இன்னும் பாதிதான் தெரிந்துகொண்டிருக்கிறாய். மீதியை நான் சொல்லியாக வேண்டும்.

எனக்கு யூனிஃபார்ம் கிடைத்த அன்றைக்கு உன் வீட்டுக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு. அத்தான் என்னை டாக்டரம்மா, டாக்டரம்மா என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். நான் ஒரு தாளில் என் நம்பரைப் பெரிதாக எழுதி உன்னிடம் கொடுத்தேன். "அந்தப் பொது நம்பருக்கு அடிச்சா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. உங்களுக்கு என்னன்னாலும் எனக்கு அடி, நான் பறந்து வந்துடுவேன்" என்று சொன்னேன். அன்றைக்கு நான் பயிற்சி முடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பாடத்தை நானும் அதே போர்டில் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். படித்ததை மறந்து பேசவில்லை அக்கா, பீற்றிக்கொள்ளப் பேசினேன். நீ நான் சொன்னபடியே செய்தாய். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டாய், அது அன்றைக்காகிவிட்டது.

அந்த மத்தியானம் ஒரு கிழவரை இறக்கிக்கொண்டிருந்தேன். போன் விதிப்படி லாக்கரில். ஆஸ்பத்திரியில் அவரை விட்டுவிட்டு வந்து திறந்தால் உன்னிடமிருந்து ஆறு. அந்தப் பட்டியலை நான் அழிக்கவில்லை. அதனாலேயே போனும் மாற்றவில்லை, ஓரம் உடைந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்தபிறகு உன் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து அந்தத் தாளை நான்தான் உரித்து எடுத்துக்கொண்டு வந்தேன். நீ பார்த்தால் யோசிப்பாய் என்று பயம். என்னைக் காப்பாற்றிக்கொள்ளவா, உன்னைக் காப்பாற்றவா என்று இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை. இரண்டும்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். இந்த வேலையில் தினமும் பார்க்கிறேன். அடுத்தவர்மேல் கோபமாக இருக்கிறவர்கள் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், சண்டைக்கு வருவார்கள். தன்மேலேயே கோபப்படுகிறவர்களைத் தேடித்தான் நாங்கள் இரண்டாம் தடவை அதே வீட்டுக்குப் போவோம். உன் வீட்டுக்கு இன்னொரு வண்டி வரக் கூடாது. என்னைத் திட்டிக்கொண்டாவது நீ இரு என்று நினைத்தேன்.

அத்தான் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். பிழைத்திருக்க மாட்டார் என்றும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு இருந்த டாக்டரிடம் போய்க் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். அதை வைத்துக்கொண்டுதான் நானும் இருக்கிறேன்.

நான் வரட்டுமா? லீவைத் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே, எனக்குப் பயமாக இருக்கிறது. எதிர்வீட்டு டீச்சர் நம்பரை அம்மாவிடம் வாங்கி, உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். திட்டாதே.

சிட்டு


மார்ச் 9

சிட்டு,

டீச்சர் தினமும் காலையில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டு வந்து நிற்கிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி. எனக்குப் புரியாதா?

பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. முதல் சில நாள் சும்மா இருந்தேன். கடைக்குப் போனேன், லென்ஸ் வெட்டினேன், வந்தேன். ஒரு வாடிக்கையாளருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் போட்டுக் கொடுத்துவிட்டேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. முதலாளி திருப்பி வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்தத் தாள் எனக்கு நினைவிருக்கிறது. நீ எழுதினாய், சரி. அதை ஃப்ரிட்ஜில் ஒட்டியது அவர். நான் கொடுத்த டேப் போதாதென்று நாலு மூலைக்கும் ஒட்டினார். "டாக்டரம்மா நம்பர் இருக்கு, இனிமே நமக்குச் சாவே கிடையாது" என்று சொல்லிச் சிரித்தார். மூன்று பேரும்தான் சிரித்தோம். உன்னை மட்டும் தனியாக நிறுத்திவைத்துக் கேட்க என்னால் முடியவில்லை. முடிந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு விண்ணப்பம் போட்டேன். வண்டிக்கு இல்லை. போன் எடுக்கிற அறைக்கு. நெஞ்சை அழுத்தச் சொல்லி எண்ணுகிறார்களே, அந்த நாற்காலிக்கு. அதற்கு என்னென்ன வேண்டும் என்று முழுக்க விசாரித்துக்கொண்டுதான் போனேன். தெளிவான குரல், வேகமான தட்டச்சு, ஊரின் தெருக்கள் மனப்பாடம், பதற்றத்தில் குழறாத நாக்கு. எல்லாவற்றுக்கும் பயிற்சி எடுத்துக்கொண்டு போனேன். பரீட்சையில் இரண்டாவதாக வந்தேன்.

நேர்முகத்தில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வயதில் என்னைவிடச் சின்னவர், மெதுவாகப் பேசுகிறவர். ஏன் இந்த வேலை என்று கேட்டார். மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஆறு தடவை, ஒன்பது நிமிஷம் எல்லாம் சொன்னேன். குரல் குழறவே இல்லை. மணிமணியாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே திருப்தியாக இருந்தது.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்க அழுதீங்களாம்மா?" என்று கேட்டார்.

 யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் உன்னைத் திட்டினேன். வீட்டில் உன்னைத் திட்டினேன். யாராவது துக்கம் கேட்க வந்தால் நீ போன் எடுக்காத கதையைச் சொன்னேன். அவர்கள் அழுதார்கள். பிறகு விசாரிக்க ஆரம்பித்தேன், மணல் மூட்டை தூக்கினேன், உனக்குக் கடிதம் எழுதினேன். நடுவில் எங்கேயாவது அழுதிருப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு நாள்கூட அகப்படவில்லை.

அவர் புரிந்துகொண்டார். துக்கம் நடந்து இரண்டு வருஷம் ஆகாதவர்களை அந்த அறையில் உட்காரவைப்பதில்லை என்பது விதியாம். "எடுக்கற போன்ல பாதி உங்க வீட்டு வாசல்லேர்ந்து வர்ற மாதிரியேதாம்மா இருக்கும். அடுத்த வருஷம் வாங்க. உங்க பேர் இருக்கும்" என்றார். படிப்பு, வயது, எடை, கண், குரல் என்று எல்லாவற்றையும் விசாரித்தேன். இதை மட்டும் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது உன்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், சிட்டு. பழக்கம்தானே. வரவில்லை. என்மேல் வைத்துப் பார்த்தேன். கொஞ்ச தூரம் வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. கதவைத் திறந்து உள்ளே போனால் வீட்டில் அவர் இல்லை. பதினாறு மாதமாக இல்லைதான். எனக்கு அன்றைக்குத்தான் இல்லாமல் போனார். நாற்காலி, செருப்பு வைக்கிற இடம், அவர் முணுமுணுக்கிற பாட்டு எதுவுமே இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் சமையலறை விளக்கைப் போட்டுவிட்டு, அதை மென்று விழுங்கிவிட்டேன். ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. பயமாக இருந்தது.

நான் இன்னும் அவருக்காக அழவே இல்லை, சிட்டு. தனியாக என்னால் ஆரம்பிக்க முடியாது. வா.

அக்கா